பாட்டுக்குப் பரிசு ஒரு மேடு! - குற்றாலக் குறவஞ்சி தந்த கவிராயர் வரலாறு

ராஜாக்கள் புலவர்களுக்குக் கொடுத்த பரிசுகள் எத்தனையோ உண்டு. பொன் கொடுத்தார்கள். முத்து மாலை கொடுத்தார்கள். பல்லக்கு கொடுத்தார்கள். யானைகூடக் கொடுத்தார்கள்.

அந்தப் பொன் இன்று எங்கே? உருகிப் போய்விட்டது. பல்லக்கு எங்கே? கரையான் அரித்துவிட்டது. கொடுத்த ராஜாக்களும் இல்லை, அவர்களுடைய ராஜ்யங்களும் இல்லை.

ஆனால், குற்றாலத்துக் கவிராயர் ஒருவருக்கு ஒரு மன்னர் நிலம் கொடுத்தார். அவர் பாடிய ஒரு நூலுக்காகக் கொடுத்தார். அந்த நிலத்துக்கு அந்த நூலின் பெயரே வந்துவிட்டது. அதுதான் குறவஞ்சி மேடு.

பாடியவர் திரிகூடராசப்பக் கவிராயர். கொடுத்தவர் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர். இது நடந்து 300 ஆண்டுகள் ஆகின்றன. மன்னர் பெயரைக் கேட்டால் இன்று பலருக்குத் தெரியாது. கவிராயரின் பாட்டு மட்டும் இன்னும் மேடை ஏறுகிறது.

ராஜாவின் பெயரைவிடப் புலவரின் பாட்டு எப்படி நிலைத்தது? அந்தக் கதையைப் பார்ப்போம்.

மேலகரம் என்னும் ஊர்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம். நடுவழியில் இருக்கும் ஊர் மேலகரம். கவிராயர் பிறந்த ஊர் அதுதான்.

சிறிய ஊர் என்றாலும் தமிழுக்குப் பெயர் போன ஊர். பிற்காலத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும் மேலகரத்துக்காரரே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும், உ. வே. சாமிநாதையரையும் ஆதரித்த பெரியவர் அவர்.

மேலகரத்தில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் தென்காசி. அங்கே காசி விசுவநாதர் கோவில் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் கட்டிய கோவில். மதுரையை விட்டு விலகிய பாண்டியர்கள் கடைசிக் காலத்தில் தென்காசியில் இருந்துதான் ஆண்டார்கள். கவிராயர் பிறந்தபோது பாண்டியர்கள் இல்லை. கோவில் மட்டும் இருந்தது.

மறு பக்கம் பார்த்தால் குற்றால மலை. மூன்று சிகரங்கள் உள்ள மலை. ஆகையால் அதற்குத் திரிகூடம் என்று பெயர். அருவிக் கரையில் குற்றாலநாதர் கோவில். சங்கு வடிவத்தில் அமைந்த கோவில் அது. அம்மன் பெயர் குழல்வாய்மொழி. கோவிலின் தலமரம் குறும்பலா. திருஞானசம்பந்தர் வந்து பாடிய தலம்.

சிவபெருமான் நடனம் ஆடிய சபைகள் ஐந்து என்பார்கள். சிதம்பரத்தில் பொன் சபை. மதுரையில் வெள்ளி சபை. திருநெல்வேலியில் தாமிர சபை. திருவாலங்காட்டில் ரத்தின சபை. குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. சுவர் எல்லாம் சித்திரம் தீட்டிய சபை அது.

ஆனி பிறந்தால் மலைக்கு மேல் மேகம் கூடும். சாரல் விழும். அருவி பொங்கும். பாறையில் மோதிய நீர் புகையாக எழும்பும். மரத்துக்கு மரம் குரங்குகள் தாவும். குழந்தைப் பருவத்திலேயே கவிராயர் கண்ட காட்சி இது. வேறு பள்ளிக்கூடமும் வேண்டுமா?

பெயரிலேயே ஒரு ராஜா!

கவிராயரின் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். திரிகூடம், ராசன், அப்பன். திரிகூட மலைக்கு ராஜா யார்? குற்றாலநாதர்தான். சுவாமிக்குத் திரிகூடராசர் என்றே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத்தான் இவருக்கு வைத்திருந்தார்கள்.

பெயருக்கு ஏற்றபடியே அவர் வாழ்ந்தார். அவர் பாடியது பெரும்பாலும் குற்றாலத்தைப் பற்றித்தான். பத்துக்கு மேற்பட்ட நூல்கள் பாடினார்.

குற்றாலத்தின் தலபுராணத்தைப் பாடினார். அகத்திய முனிவர் அங்கே வந்த கதை அதில் வருகிறது. குற்றால உலா பாடினார். சுவாமி வீதியில் பவனி வரும் அழகைச் சொல்வது உலா. சிலேடை வெண்பா பாடினார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வரும்படி பாடுவது சிலேடை. யமக அந்தாதி பாடினார். ஒரே எழுத்துக் கூட்டம் அடிதோறும் திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் வேறு பொருள் தருவது யமகம். பெரிய வித்துவான்களே திணறுகிற வேலை இது.

குற்றாலநாதர் கோவில் வித்துவான் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

தலபுராணம், சிலேடை, யமகம் எல்லாம் படித்தவர்களுக்கு உரிய பாட்டு. படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? வயல் வேலைக்குப் போகிறவர்கள், விறகு வெட்டுகிறவர்கள், வீட்டுப் பெண்கள் எதைக் கேட்டு மகிழ்வார்கள்? அவர்களுக்கும் சேர்த்து ஒரு நூல் செய்தார் கவிராயர். அதுதான் குற்றாலக் குறவஞ்சி.

அரண்மனையும் புலவரும்

அந்தக் காலத்தில் ஆட்சி எப்படி இருந்தது?

மதுரைச் சீமையை நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். தலைநகரம் அப்போது மதுரையில் இல்லை. திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. திருச்சியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலம். குதிரையிலோ மாட்டு வண்டியிலோதான் வர வேண்டும். நாட்டைப் பல பாளையங்களாகப் பிரித்திருந்தார்கள். பாளையக்காரர்கள் வரி வசூலித்தார்கள். படை வைத்திருந்தார்கள். கோவில் திருப்பணியும் செய்தார்கள்.

திருச்சி அரண்மனையில் அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர். புகழ் பெற்ற ராணி மங்கம்மாளின் பேரன் அவர். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தார். தாயையும் இழந்தார். பாட்டி மங்கம்மாள் அவரை வளர்த்தார். பேரனுக்காக நாட்டையும் ஆண்டார். பேரன் வளர்ந்து 1706 முதல் 1732 வரை ஆட்சி செய்தார்.

அவர் பக்திமான். ஆட்சி வேலையைவிடக் கோவில் வழிபாட்டில் அவருக்கு மனம் அதிகம். கோவில் கோவிலாகப் போனார். அள்ளி அள்ளிக் கொடுத்தார். ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போகிறவர்கள் அவருடைய ஆளுயரச் சிலையை இன்றும் பார்க்கலாம். கை கூப்பி நிற்கிறார்.

நாயக்கர்களின் வீட்டு மொழி தெலுங்கு. அரண்மனையில் தெலுங்குப் புலவர்களுக்கு நல்ல மதிப்பு. அப்படிப்பட்ட அரண்மனையின் காதுக்கு ஒரு தமிழ்ப் புலவரின் பாட்டு எட்ட வேண்டும். அதுவும் தென்கோடியில் உள்ள ஒரு கிராமத்துப் புலவரின் பாட்டு. லேசான காரியமா?

புலவர்களுக்குப் பிழைப்பு பிரபுக்கள் கையில் இருந்த காலம் அது. நம் நாட்டில் மட்டும் அல்ல, உலகம் எங்கும் அப்படித்தான்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு பிரபு என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் சபையில் பெரிய பதவி வகித்தவர். சாமுவேல் ஜான்சன் என்ற ஏழை எழுத்தாளர் ஆங்கில அகராதி எழுதத் தொடங்கினார். பிரபுவின் உதவியை எதிர்பார்த்து அவர் வீட்டுக்குப் போனார். முன் அறையிலே காத்துக் கிடந்தார். உதவி வரவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு, 1755-ல் அகராதியை ஜான்சன் முடித்தார். அப்போதுதான் பிரபு அதைப் புகழ்ந்து எழுதினார். கரை ஏறிய பிறகு கை கொடுக்க வந்த கதை! உங்கள் உதவி இனி எனக்குத் தேவையில்லை என்ற கருத்தில் ஜான்சன் கடிதம் எழுதிவிட்டார். அந்தக் கடிதம் உலகப் புகழ் பெற்றது.

பிரபுவின் வாசலில் காத்திருப்பது அவ்வளவு கஷ்டம். இதற்குப் பயந்து புலவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்குப் பாட்டு ராஜாவைப் புகழ்ந்தார்கள். அவரையே பாட்டுத் தலைவராக வைத்தார்கள். இந்திரன் என்றார்கள், சந்திரன் என்றார்கள்.

கவிராயர் அப்படிச் செய்யவில்லை. அவருடைய பாட்டுக்குத் தலைவர் குற்றாலநாதர். ஒரே ராஜா, திரிகூடராசர்தான்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. பாட்டிலே தலைவர் வந்து போவது கொஞ்ச நேரம்தான். மேடையைப் பிடித்துக்கொள்கிறவள் ஒரு குறத்தி!

வசந்தவல்லியின் காதல்

குறவஞ்சி என்பது நாடகம். பாட்டும் ஆட்டமும் கலந்தது. குறத்தி வந்து குறி சொல்லுவதுதான் அதில் முக்கியம். அதனால் அந்தப் பெயர்.

முதலில் கட்டியங்காரன் வருகிறான். சுவாமி பவனி வருகிறார் என்று அறிவிக்கிறான். மேளம் முழங்குகிறது. குற்றாலநாதர் காளை வாகனத்தில் வீதி வருகிறார். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓடி வந்து பார்க்கிறார்கள். ஒருத்திக்கு வளையல் கழன்றது தெரியவில்லை. ஒருத்திக்குச் சேலை நெகிழ்ந்தது தெரியவில்லை.

அந்த நேரத்தில் வசந்தவல்லி என்ற பெண் பந்து விளையாட வருகிறாள். பந்து துள்ளுவதுபோலவே பாட்டும் துள்ளுகிறது. படித்தாலே கால் தாளம் போடும்.

வசந்தவல்லி சுவாமியைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்! மனத்தைப் பறிகொடுக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. தோழிகள் சந்தனம் பூசுகிறார்கள். அது நெருப்பாகச் சுடுகிறது. நிலாவைப் பார்த்து, நீயும் பெண்ணுடன் பிறந்தவன்தானே, என்னை இப்படி வாட்டலாமா என்று கோபிக்கிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். மணலில் வட்டம் போட்டுக் கூடல் பார்க்கிறாள். வட்டம் கூடினால் காதல் கூடும் என்பது நம்பிக்கை.

இந்த நேரத்தில்தான் தெருவிலே ஒரு குரல் கேட்கிறது. குறி சொல்லுகிறவள் வந்துவிட்டாள்.

வந்தாள் சிங்கி!

அவள் பெயர் சிங்கி. இடுப்பிலே கூடை. கையிலே மாத்திரைக் கோல். நெற்றியில் திருநீறு. நடையில் ஒரு மிடுக்கு.

உன் மலை எது என்று வசந்தவல்லி கேட்கிறாள். குறத்தி தன் மலையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள். தமிழ் நாட்டிலே புகழ் பெற்ற பாட்டு இது.

ஆண் குரங்கு பழம் பறித்துப் பெண் குரங்குக்குக் கொடுத்துக் கொஞ்சுகிறதாம். அருவியின் திவலை வானம் வரை எழும்புகிறதாம். மேலே போகிற சூரியனுடைய தேரின் குதிரைக் காலும் சக்கரமும் அந்த ஈரத்தில் வழுக்குகிறதாம்!

யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வழுக்குவது நம் ஊர் மாட்டு வண்டி. கவிராயர் அதைச் சூரியனுடைய தேருக்கே வைத்துவிட்டார். குற்றாலப் பாறையில் ஒரு தடவை கால் வழுக்கியவர்களுக்கு இந்தக் கற்பனையின் சுவை நன்றாகத் தெரியும்.

சிங்கி தன் மலையைச் சொல்லும்போது அதில் ஏழ்மைப் புலம்பல் இல்லை. தாழ்வு மனப்பான்மை இல்லை. தேனும் தினையும் விளையும் மலை எங்கள் மலை என்று தலை நிமிர்ந்து சொல்லுகிறாள். மாளிகைப் பெண் கேட்கிறாள். மலைப் பெண் சொல்லுகிறாள். சொல்லுகிறவள் கைதான் ஓங்கி இருக்கிறது.

பிறகு குறி சொல்ல ஆரம்பிக்கிறாள். தரையை மெழுகச் சொல்லுகிறாள். கோலம் போடச் சொல்லுகிறாள். பிள்ளையார் பிடித்து வைக்கச் சொல்லுகிறாள். பல்லி சத்தம் கேட்டு, நல்ல சகுனம் என்கிறாள். குல தெய்வங்களை எல்லாம் அழைக்கிறாள். வசந்தவல்லியின் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். நம் வீட்டுத் திண்ணையில் நடப்பதுபோலவே இருக்கும்!

உன் மனத்தில் இருக்கிறவர் குற்றாலநாதர் என்பதைக் குறத்தி விடுகதை போலச் சொல்லுகிறாள். பெண்ணோடு சேர்ந்து இருக்கிறவர் என்கிறாள். உடம்பில் பாதியை அம்மனுக்குக் கொடுத்தவர் அல்லவா சிவபெருமான்? வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்குள்ளே வெட்கமும் வருகிறது. முடிவில் குறி பலித்தது என்று மகிழ்ந்து, குறத்திக்கு நகைகளை வாரிக் கொடுக்கிறாள்.

சிங்கன் வந்த வேடிக்கை

கதை இங்கே முடிந்திருக்கலாம். கவிராயர் முடிக்கவில்லை. இனிமேல்தான் சிரிப்பு.

சிங்கியின் புருஷன் சிங்கன். பறவை பிடிக்கிறவன். கூட வருகிறவன் நூவன். இருவரும் கண்ணி வைக்கிறார்கள். குற்றாலநாதர் கோவில் வயல்களில் பறவைகள் வந்து இறங்குகின்றன. கொக்கு, நாரை, அன்னம், மயில் என்று கூட்டம் கூட்டமாக வருகின்றன. எந்த வயலில் இறங்கின, எந்தக் குளத்தில் மேய்ந்தன என்று சிங்கன் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். கோவிலுக்குத் திருப்பணி செய்தவர்களின் பெயர்களையும் இந்த இடத்தில் கவிராயர் சேர்த்துவிட்டார். கல்வெட்டில் எழுதுகிற விஷயத்தைப் பறவைப் பாட்டில் எழுதிவிட்டார்!

ஆனால் சிங்கனுக்குப் பறவையில் மனம் இல்லை. சிங்கியைக் காணோமே என்ற ஏக்கம். கண்ணி தவறுகிறது. பறவைகள் பறந்துவிடுகின்றன. வேலை கெட்டது. அவளைத் தேடி ஊர் ஊராக அலைகிறான்.

கடைசியில் குற்றாலத்துத் தெருவில் சிங்கியைக் காண்கிறான். சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். அவள் உடம்பு முழுவதும் நகை! அவன் நகையே பார்த்தவன் அல்ல. காலிலே கிடக்கும் சிலம்பைப் பார்த்து விரியன் பாம்பு சுற்றியிருக்கிறது என்று பயப்படுகிறான். விரலில் இருக்கும் அணியைப் பார்த்துப் பூச்சி சுருண்டு கிடக்கிறது என்கிறான்.

ஒவ்வொரு கேள்விக்கும் சிங்கி நிதானமாகப் பதில் சொல்லுகிறாள். சிலம்பு சேலம் சீமையில் கிடைத்த பரிசாம். சேலை நெல்லையில் கிடைத்ததாம். எல்லாம் அவள் குறி சொல்லிச் சம்பாதித்தது. யாரிடமும் பிச்சை எடுக்கவில்லை. திருடவும் இல்லை. தன் வாய்ச் சொல்லால் சம்பாதித்தாள். சிங்கன் சமாதானம் ஆகிறான். இருவரும் சேருகிறார்கள். குற்றாலநாதரை வாழ்த்தி நாடகம் முடிகிறது.

படிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

புலவரும் அரண்மனை வாசலில் சொல்லை விற்றுப் பிழைத்தவர்தான். குறத்தியும் வீட்டு வாசலில் சொல்லை விற்றுப் பிழைத்தவள்தான். அரண்மனை ஒருவரை வித்துவான் என்று பட்டுச் சால்வை போர்த்தியது. மற்றவளைத் திண்ணையோடு நிறுத்தியது. கவிராயர் அந்தக் குறத்தியைத் திண்ணையிலிருந்து எழுப்பி மேடையில் நிறுத்தினார். அவள் பேச்சைப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அவள் தொழிலுக்கு ஒரு மரியாதை கொடுத்தார்.

கிடைத்தது நிலம்

நூலின் புகழ் நாயக்க மன்னருக்கு எட்டியது. மன்னர் மகிழ்ந்தார். தம்மைப் புகழவில்லையே என்று அவர் குறை நினைக்கவில்லை. தெலுங்கு அல்ல, தமிழ்தானே என்றும் தள்ளவில்லை. கவிராயருக்கு நிலத்தைக் கொடையாகக் கொடுத்தார். அந்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது.

பொன் கொடுத்தால் செலவாகிவிடும். நிலம் கொடுத்தால் பிள்ளை குட்டிகளுக்கும் சோறு போடும். ஆகையால் நிலக்கொடைதான் புலவருக்குப் பெரிய கொடை.

மன்னர் நினைத்திருந்தால் அந்த நிலத்துக்குத் தம் பெயரை வைத்திருக்கலாம். விஜயரங்க மங்கலம் என்றோ, சொக்கநாதபுரம் என்றோ வந்திருக்கும். பாட்டின் பெயர் நிலைத்ததால் பாட்டுக்கு மட்டும் பெருமை இல்லை. கொடுத்தவருக்கும் அதுவே பெருமை ஆயிற்று.

ராஜ்யம் போயிற்று

1732-ல் முத்து விஜயரங்க சொக்கநாதர் இறந்தார். அவருக்கு மகன் இல்லை. ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். உறவினர்களே ராஜ்யத்துக்குப் போட்டி போட்டார்கள். சண்டை முற்றியது. ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் உதவிக்கு வருவதுபோல வந்தார். சத்தியம் செய்தார். பிறகு ராஜ்யத்தையே பிடித்துக்கொண்டார். மனம் உடைந்த ராணி விஷம் குடித்து உயிரை விட்டார். 1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது.

200 ஆண்டுகள் ஆண்ட பரம்பரை! விசுவநாத நாயக்கர் தொடங்கினார். திருமலை நாயக்கர் அரண்மனை கட்டினார். மங்கம்மாள் சாலை போட்டார். மன்னர் இறந்து நான்கே ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நவாபு வந்தார். கும்பினிக்காரர்கள் வந்தார்கள். பாளையங்கள் போயின. தென்காசிக் கோவிலின் பெரிய கோபுரம்கூட 1824-ல் இடி விழுந்து சிதைந்தது. 1990-ல்தான் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

சிங்கியும் சிங்கனும் மட்டும் சாகவில்லை. அவர்களுக்குக் கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. ஆகவே யாரும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஓலைச் சுவடியில் இருந்தார்கள். ஆடுகிறவர்களின் காலிலும் பாடுகிறவர்களின் வாயிலும் இருந்தார்கள்.

வழி வந்த குறவஞ்சிகள்

குற்றாலக் குறவஞ்சியின் புகழைக் கண்டு பலர் குறவஞ்சி பாடினார்கள்.

தஞ்சாவூரில் சரபோஜி மகாராஜாவைத் தலைவராக வைத்துச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தோன்றியது. பாடியவர் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர். தஞ்சைப் பெரிய கோவிலில் அதை ஆடினார்கள். அதே தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் ஏசுநாதரைத் தலைவராக வைத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். மதம் எதுவானாலும் குறத்தி வந்தாள், குறி சொன்னாள்!

1944-ல் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி அருண்டேல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார். நகரத்து மக்கள் வியந்து பார்த்தார்கள்.

குற்றாலத்திலேயே வந்து தங்கிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைச் சொல்லாமல் விட முடியாது. டி. கே. சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1954-ல் காலமாகும் வரை வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டி, சுவை காட்டி மகிழ்ந்தார். அவர் வீட்டுக்குப் போனவர்கள் அருவியில் ஒரு குளியலும், தமிழில் ஒரு குளியலும் முடித்துத் திரும்பினார்கள்.

பள்ளிக்கூடப் புத்தகங்களிலும் குற்றாலக் குறவஞ்சி இடம் பெற்றது. கவிராயரின் ஊர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுச் சொத்து.

எது நிலைத்தது?

கவிராயர் அரண்மனையைத் தேடிப் போய் அரண்மனைக்கு ஏற்றபடி பாடவில்லை. தம் ஊர் மலையைப் பாடினார். தம் ஊர் அருவியைப் பாடினார். தம் ஊர்த் தெருவில் கூடையோடு போன பெண்ணைப் பாடினார். அரண்மனை அவரைத் தேடி வந்தது.

அவர் பெரிய வித்துவான். யமகமும் சிலேடையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த நூல்களை இன்று புலவர்கள்தான் படிக்கிறார்கள். எல்லோருக்கும் புரியும்படி அவர் இறங்கி வந்து பாடிய குறவஞ்சியைத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. இறங்கி வந்ததால் அவர் தாழ்ந்துவிடவில்லை. அருவியும் மலையிலிருந்து இறங்கி வந்தால்தானே ஊருக்குப் பயன்?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் பேரருவியில் குளிக்கிறார்கள். ஐந்தருவிக்குப் போகிறார்கள். பழத்தோட்டத்துப் பழம் வாங்குகிறார்கள். அந்தப் பயணத்தில் இன்னும் ஒரு காரியம் செய்யலாம். தென்காசியை விட்டு வண்டி புறப்பட்டதும் மேலகரம் வரும். அப்போது குழந்தைகளுக்கு அந்த ஊரைக் காட்டுங்கள். சூரியனுடைய தேரையே வழுக்க வைத்த புலவர் பிறந்த ஊர் இது என்று சொல்லுங்கள். குறத்தியின் கதையையும் சொல்லுங்கள். குற்றாலம் போய்ச் சேருவதற்குள் கதை முடிந்துவிடும். அருவியைப் பார்த்ததும் குழந்தைகளே கேட்பார்கள், சூரியனுடைய குதிரைகள் வழுக்கிய இடம் எது என்று!